ஏர் படாத மண்மேடு

அன்பு மகள் கேமினுக்கு, கோஹ்காவிலிருந்து உன் அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, எருமை, அதன் புதுக் கன்று எல்லோரும் நன்றாக இருக்கிறோம், கன்றுக்கு மட்டும் இரண்டு நாளாக வயிறு சரியில்லை. அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகம் என்று தினமும் போனில் உன் வாயாலேயே கேட்கிறேன், ஆனாலும் அதை விசாரிக்காமல் தொடங்கினால் கடிதம் ஆகாது என்று தாமின் சொல்கிறாள், அதனால் முறைப்படி விசாரிக்கிறேன், சுகமா நோனி, என் செல்ல மகளே? தாமினை உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ஹிரோந்தியின் மருமகள், பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு எடுக்கிறாள், நானும் இன்னும் சில கிழவர்களும் அவளிடம்தான் எழுத்துப் படிக்கிறோம். எழுதத் தெரிந்ததும் முதல் கடிதம் எனக்குத்தான் வரவேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். இதோ எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, அந்தக் காகிதத்துல அப்படி என்ன வேடிக்கை நடக்குது என்று கேட்கிறாள்.

இந்தக் கடிதம் ஒரு பார்சலுக்குள் வருகிறது. அதில் குழந்தைக்கு உன் அம்மா தைத்த இரண்டு சட்டை, இலுப்பை இலை தைத்த தட்டு, ஒரு கட்டி மஞ்சள் களிமண், ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருக்கும். மற்றதையெல்லாம் எடுத்துக்கொள், சிவப்பு முடிச்சை மட்டும் இதைப் படித்து முடிக்கும்வரை அவிழ்க்காதே. கமர்சட் வர இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது. நீ தாயான பிறகு வரும் முதல் கமர்சட், பிள்ளைக்காக நீ இருக்கப்போகும் முதல் விரதம். முதல் விரதத்துக்கு, உழாமல் தானாக விளைகிற பசஹர் அரிசி தாய்வீட்டிலிருந்து போகவேண்டும், அது முறை. போன வாரம் போனில் பசஹர் கிடைக்குமா அம்மா என்று நீ கேட்டபோது அவள் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நீ மனவருத்தப்பட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை எழுத்தும்.

நம் பெரிய குளத்தைப் போன வருஷம் கோடையில் ஆழப்படுத்தினார்கள் என்று சொன்னேன் அல்லவா, ஜேசிபி வந்தது, சேறு முழுவதையும் வாரி எடுத்தது. குளத்துச் சேறு என்றால் உரம், அதுவும் சும்மா கிடைக்கிறது என்றால் யார் விடுவார்கள், ஊரே டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித் தன் தன் வயலில் கொட்டியது. நானும் ஒரு டிரெய்லர் சேறு வாங்கி நம் வயலின் பள்ளமான மூலையில், இலுப்பை மரத்துக்குக் கீழே கொட்டவைத்தேன். எல்லோரும் மழைக்கு முன்னால் சேற்றைப் பரப்பி உழுதுவிட்டார்கள். நான் பரப்பவில்லை. அப்போதுதான் தாமினின் வகுப்பு தொடங்கியிருந்தது, முழங்காலும் வலித்தது, நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உன் அம்மா விடுவாளா. வயலுக்குப் போகும்போதெல்லாம், எருமை படுத்த மாதிரி அந்த மேடு கிடக்கு, அதைப் பரப்பத் துப்பில்லை, சிலேட்டைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறாராம் என்றாள். ஹிரோந்தி வேறு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, விடு அக்கா, அண்ணன் கலெக்டர் ஆனதும் ஆள் வெச்சுப் பரப்புவார் என்றாள். நான் அன்றைய எழுத்தை மண்ணில் குச்சியால் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊர் என்ன தப்புச் செய்தது என்பது கதிர் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குளத்தின் ஓரம் முழுவதும் காலம் காலமாகப் பசஹர் நெல் தானாக விளைந்து தானாக உதிர்ந்த இடம். அந்த விதை எத்தனை வருஷம் சேற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததோ, சேற்றோடு சேர்ந்து அதையும் நாங்களே வாரிக்கொண்டுவந்து வயலில் போட்டு உழுதும் விட்டோம். ஏற்கனவே வயலில் கர்கா என்கிற களைநெல் தொல்லை உனக்குத் தெரியும், களையெடுக்கும்போது எது நெல், எது கர்கா என்று உன் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது, கதிர் வந்து உமி நுனியில் வாலை நீட்டினால்தான் தெரியும், அறுவாளை நீட்டுவதற்குள் உதிர்ந்துவிடும். போன வருஷம் அதோடு குளத்து நெல்லும் சேர்ந்துகொண்டது. ஹிரோந்தியின் புருஷன் மன்சாராம் சில வருஷம் முன்பிருந்தே கெட்டிக்காரத்தனமாக ஊதா இலை நெல் விதைத்துவந்தான், ஊதாவாக இருப்பது நம்முடையது, பச்சையாக இருப்பதைப் பிடுங்கு என்று. இரண்டு வருஷம் நன்றாகத்தான் நடந்தது. போன வருஷம் அவன் வயலில் ஊதா இலையோடேயே வால் வைத்த கர்கா நின்றது. திருடனே போலீஸ் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிறான், நான் யாரைப் பிடிக்கிறது என்று மன்சாராம் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அறுப்பில் பல வீடுகளில் பாதி மணி தரையில்தான் கிடந்தது. நம் வயலில் அத்தனை மோசம் இல்லை, ஏனென்றால் சேறு பரப்பப்படாமல் மூலையிலேயே கிடந்தது. இதை நான் உன் அம்மாவிடம் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சோம்பேறித்தனத்துக்கு மெடல் வேற வேணுமா என்றாள்.

இதில் பெண்களுக்கு வந்த கவலைதான் பெரிது. புதுக் குளம் செங்குத்தாகக் கிணறு மாதிரி இருக்கிறது, மீன் வளர்ப்பதற்கு நல்லது, ஓரத்தில் ஒரு புல் நிற்காது. பசஹர் இனி குளத்தில் இல்லை. வயல் முழுக்க இருக்கிறது, ஆனால் வயல் உழுத நிலம், கமர்சட் அன்றைக்கு ஏர் பட்ட மண்ணில் விளைந்ததைத் தொடக்கூடாது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பசஹர் இந்த ஊரில் விளைந்ததே இல்லை, அதில் ஒரு மணியைக்கூட வாயில் வைக்க வழியில்லை. அடிகுழாயடியில் இதே பேச்சு. யாரும் விதைக்கலையே, தானா வந்ததுதானே, எடுத்துக்கலாம் என்று ஒருத்தி. தானா வந்தாலும் யார் வீட்டுக்கு வந்தது, ஏர் ஓட்டின வீட்டுக்குத்தானே வந்தது என்று இன்னொருத்தி. உன் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். நீ அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அடுத்த கமர்சட்டுக்கு என் பொண்ணு தாய், அவளுக்கு நான் எதை அனுப்புவேன் என்று வீட்டில் வந்து ஒரே ஒரு தடவை சொன்னாள், அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மேட்டைப் பரப்பிவிடுவது என்று கிளம்பினேன். மேடு முழுக்கப் புல்லாக இருந்தது, நான் கவனித்துப் பார்க்கவில்லை, ஓரத்தில் ஒரு பங்கை வெட்டிக் கவிழ்த்துவிட்டேன். அப்போது வரப்பின் மேல் உன் அம்மா ஓடி வருகிறாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைக் கீழே போடுங்க, போடுங்கன்னு சொல்றேன்ல என்று கத்தினாள். நாலு மாசமா பரப்பு பரப்புன்னு சொன்னதே நீதானே என்றேன். நாலு மாசமா நான் சொன்ன எதைக் கேட்டீங்க, இன்னிக்கு மட்டும் ஏன் கேக்குறீங்க என்று மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து அந்தப் புல்லை விலக்கிக் காட்டினாள். அது புல் இல்லை நோனி, மேடு முழுவதும் பசஹர், பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஏர் படவில்லை, யாரும் விதைக்கவில்லை, யாரும் களை எடுக்கவும் இல்லை. ஊரெல்லாம் சிரித்த அந்த மேடு ஒன்றுதான் எங்கள் ஊரில் மிச்சமிருந்த குளத்து ஓரம். உன் அம்மா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, இனிமே இந்தப் பக்கம் வந்தீங்கன்னா பார்த்துக்கோங்க, போய்ப் படிங்க என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் படிக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஆனால் அதோடு முடியவில்லை. செய்தி பரவியதும் ஹிரோந்தி வந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தாள், அக்கா இது எப்படிப் பசஹர் ஆகும், மண்ணைத் தோண்டினது ஜேசிபி, ஏருக்கு ஒரு பல்லு, அதுக்கு அஞ்சு பல்லு என்றாள். கிணறு வெட்டுறவனை உழவன்னு யாராச்சும் சொல்வாங்களா, தோண்டினது வேற, உழுதது வேற என்றாள் உன் அம்மா. சரி, கொண்டுவந்தது டிராக்டர், அதுதானே ஏரையும் இழுக்குது என்றாள் ஹிரோந்தி. உன் பையன் கல்யாணத்துக்கு ஊர்வலம் போனதும் அதே டிராக்டர்தான், அன்னிக்கு மாப்பிள்ளையை உழுதீங்களா என்றாள் உன் அம்மா. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஹிரோந்தியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் போகும்போது, என்னவோ போ, என் மனசு ஒப்பலை, நான் சந்தையில வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். உன் அம்மா தினமும் போய் வால் நீட்டிய கதிர்களை நாலு நாலாகச் சேர்த்து முடிந்துவிட்டு வந்தாள், முற்றி உதிர்ந்தாலும் முடிச்சுக்குள்ளேயே நிற்கட்டும் என்று.

அந்தச் சமயத்தில்தான் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள், அனூபா கெர்கெட்டா என்று பெயர், ஜஷ்பூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஊர் ஊராகப் போய்க் காட்டு நெல் கதிர் சேர்க்கிறாள். முன்பு ஒருமுறை நம் குளத்தில் எடுத்திருக்கிறாள், மறுபடி எடுக்க வந்து குளத்தைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. நான்தான் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். அவள் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு கதிரில் உமி கறுப்பு, பக்கத்தில் வைக்கோல் நிறம், இன்னொன்றில் செம்மண் நிறம், ஒன்றின் வால் விரல் நீளம், ஒன்றுக்கு அரை விரல்கூட இல்லை, ஒன்று குட்டை, ஒன்று படுத்துக்கொண்டு வளர்கிறது. தாத்தா, உங்க ஊர் வயல் எல்லாத்தையும் சேர்த்தாலும் இத்தனை தினுசு இருக்காது, எல்லாரும் ஒரே கடையில ஒரே விதை வாங்குறீங்க, எல்லாம் ஒரே அச்சு என்றாள். அது கெட்டதா என்று கேட்டேன். கெட்டதில்லை தாத்தா, நல்லா விளையுது, ஆனா ஒரு நோய் வந்து ஒண்ணைப் பிடிச்சா எல்லாத்தையும் பிடிக்கும், அப்போ இந்தக் கூட்டத்துல எங்கேயாவது ஒண்ணு நான் தாங்குறேன்னு நிக்கும், அதுகிட்டேயிருந்துதான் நாங்க வாங்கணும் என்றாள்.

எனக்குத் தெரியாதது நிறையச் சொன்னாள், உனக்கும் சொல்கிறேன். வயல் நெல்லுக்குப் பூர்வீகம் இந்தக் காட்டு நெல்தானாம். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் எல்லாமே உதிர்கிற நெல், அதில் எங்கோ ஒரு கதிர் உதிராமல் நின்றிருக்கிறது, யாரோ அதைக் கொண்டுபோய் விதைத்திருக்கிறார்கள், மறுபடி அதில் உதிராததையே எடுத்து விதைத்து விதைத்து, கடைசியில் மனிதன் வந்து அறுக்கும்வரை காத்துக்கொண்டு நிற்கிற நெல் வந்துவிட்டது. அப்போ கர்கா யார் என்று உன் அம்மா கேட்டாள். அது கலப்பு பாட்டி, குளத்து நெல்லோட மகரந்தம் காத்துல வந்து வயல் நெல்லு மேல விழுந்து பொறக்கும், இன்னும் சில இடத்துல வயல் நெல்லே பழைய குணத்துக்குத் திரும்பிடும், அதனாலதான் பார்க்க வயல் நெல்லு மாதிரியே இருக்கும், கை வெச்சா உதிரும், மன்சாராம் தாத்தா வயல்ல ஊதா இலை வந்ததும் இப்படித்தான் என்றாள். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்க வீட்டு ஆளும் இந்த ரகம்தான் அம்மா, பார்க்கச் சாது, வேலைன்னு கை வெச்சா உதிர்ந்துடுவார் என்றாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துவிட்டது. கல்லூரியில் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவோம் என்று சொல்லிச் சில கதிர் கேட்டாள். என் பொண்ணு பங்கு போக மிச்சத்துலதான் தருவேன் என்று உன் அம்மா சொன்னாள், ஆனால் நிறத்துக்கு ஒன்றாகக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

கதிரைத் தட்டி எடுத்தபோது அதிகம் இல்லை, ஒரு சிறு பானைக்குள் அடங்கிவிட்டது. வால் வைத்த நெல்லில் பதர் எவ்வளவு, மணி எவ்வளவு என்று குத்திப் பார்த்தால்தான் தெரியும், அதனால்தான் உனக்கு எந்த வாக்கும் கொடுக்காமல் இருந்தாள். இத்தனை மாதமும் அப்படியே வைத்திருந்து முந்தாநாள்தான் உரலில் போட்டுக் குத்தினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து புடைக்கிற முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சிவப்பாக அரிசி வந்தது. அவள் முதலில் ஒரு கை அள்ளித் தனியே வைத்து, இது கேமினுக்கு என்றாள். அதற்குள் ஹிரோந்தி கிண்ணத்தோடு வாசலில் நிற்கிறாள். வாரச் சந்தையில் பசஹர் என்று சொல்லி விற்றதை வாங்கியிருக்கிறாள், உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாள், ஒவ்வொரு மணியும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே சிவப்பு. பாரு அக்கா, எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு, பசஹர் எங்கேயாச்சும் இப்படி இருக்குமா, ஏதோ மில்லுல செவப்பு அரிசியைப் போட்டு ஏமாத்திட்டான் என்றாள். ஆமா, ஆனா எங்க அரிசி அஞ்சு பல்லு தோண்டினதாச்சே, உனக்கு ஒப்பாதே என்றாள் உன் அம்மா. மூணு பிள்ளை பெத்தவ வாசல்ல நிக்கிறேன், நீ பழசைக் கிளறுறியா, நீதான் சொன்னியே அக்கா, தோண்டினது வேற உழுதது வேறன்னு, நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன், நீ சொன்னது நியாயம்தான் என்றாள் ஹிரோந்தி. உன் அம்மா அவள் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கடைசியில் பானையைக் கவிழ்த்தபோது அவளுக்கென்று இரண்டு விரலுக்குள் அடங்கும் அளவுதான் மிஞ்சியது. உன் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பசஹர் சாப்பிடணும்னுதான் முறை, வயிறு நிறையச் சாப்பிடணும்னு யார் சொன்னா என்று சொல்லி உன் பங்கைச் சிவப்புத் துணியில் முடிந்துவிட்டாள். இப்போது அந்த முடிச்சை அவிழ்த்துக்கொள் நோனி.

சில விஷயம் அம்மா சொல்லச் சொன்னாள். அன்றைக்கு எருமைப் பால், எருமைத் தயிர்தான், பசும்பால் ஆகாது, பாக்கெட் பாலில் எதை எதைக் கலக்கிறார்களோ, எருமை கட்டியிருக்கிற பால்காரர் யாராவது இருக்கிறாரா என்று மாப்பிள்ளை விசாரிக்கட்டும். கீரை ஆறு வகை வேண்டும், உழுத மண்ணில் வந்ததாக இருக்கக்கூடாது, முருங்கைக் கீரை உங்கள் தெருவிலேயே இருப்பதாகச் சொன்னாய், அதிலிருந்து தொடங்கு. உழுத நிலத்தில் கால் வைக்கக்கூடாது, உங்கள் ஊரில் மண்ணே கண்ணில் படாது என்பதால் அந்த ஒரு விஷயத்தில் உனக்கு லேசு. பூஜைக்குக் குளம் என்று வெட்டுகிற குழியை நாலாவது மாடியில் வெட்ட முடியாது, ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் குளம் என்று நினைத்துக்கொள், குளம் பற்றி உன் அம்மாவின் நியாயமெல்லாம் இப்போது மிகவும் தாராளமாகிவிட்டது. மஞ்சள் களிமண்ணைக் கரைத்துத் துணியில் நனைத்துக் குழந்தையின் முதுகில் ஆறு முறை தட்டு, மெதுவாகத் தட்டு, உன் அம்மா உன்னைத் தட்டியபோது நீ அழுது ஊரைக் கூட்டினாய். சிவப்பு முடிச்சின் ஓரத்தில் உமியோடு சில மணி தனியாக முடிந்திருக்கிறது. அதைச் சமைக்காதே, பூந்தொட்டியில் தண்ணீர் தேங்க விட்டு மேலே தூவிவிடு. முளைக்கவில்லை என்று மண்ணைத் தூக்கி எறியாதே, அது தூங்கும், தனக்குத் தோன்றிய வருஷம் எழுந்து வரும். எங்கேயாவது வயல் ஓரத்தில் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதே, பாவம் அந்த ஊர்க்காரர்கள் நமக்கு என்ன கெடுதல் செய்தார்கள். இங்கே மேட்டை நான் தொடக்கூடாது என்று உத்தரவு, இந்த வருஷமும் பச்சையாக எழுந்து நிற்கிறது. மன்சாராம் தன் வயலுக்கு நல்லதில்லை என்று முணுமுணுக்கிறான், அதனால் கதிர் வந்ததும் ஒன்று விடாமல் முடிந்துவிடுவதாக உன் அம்மா அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். கதிர் முடிய என்னைத்தான் அனுப்பப்போகிறாள்.

பேரன் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு வேலையில் நல்லது நடக்கட்டும், உன் முதல் விரதம் குறையில்லாமல் நிறையட்டும், உனக்கும் அவனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பார்சல் கிடைத்ததும் போன் செய், பால் விஷயத்தை மறந்துவிடாதே. இன்னும் ஒன்று. இந்த அரிசி தாய் கையால் வரவேண்டியது, அதனால் பார்சலின் மேல் அனுப்புபவர் என்ற இடத்தில் உன் அம்மாவின் பெயரைத்தான் எழுதவேண்டும் என்று தாமின் சொன்னாள். நான் திகைத்துப்போனேன். அவள் பெயரை நானோ என் பெயரை அவளோ இந்த வயது வரை உச்சரித்ததில்லை, கேமின் அம்மா, கேமின் அப்பா என்றே காலம் போயிருக்கிறது. உன் அம்மாவிடம் போய் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலேயே, தோண்டினது வேற, உழுதது வேற, எழுதுங்க, சொல்லாதீங்க, அவ்வளவுதானே என்றாள். எழுதி முடித்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இதுதான் நானா என்று கேட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சுக்வாரா,
அவள் சொல்ல எழுதிய உன் அப்பா துகாலு.